ஒட்டகார் குபாத்தின் செகண்ட் வயலின்

உட்காருங்கம்மா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உட்காருங்க. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, இடது காது எனக்குச் செவிடாப்போச்சு. நாப்பது வருஷம் அந்தக் காதுக்குக் கீழேயே வயலினை வச்சு இழுத்தா என்ன ஆகும்? டாக்டர்கிட்ட போனா வயசுங்கிறான். வயசு ரெண்டு காதுக்கும் ஒண்ணுதானே?

கதவைத் திறந்ததுமே தெரிஞ்சுபோச்சு நீங்க யாருன்னு. கழுத்து. உங்கப்பா குபாத்துக்கும் இதே நீளக் கழுத்துதான். உங்களுக்கு அழகா இருக்கு, அவருக்கு வேற மாதிரி இருந்துச்சு. பேரு வேற ஒட்டகார். ஒட்டகார் குபாத். எங்க ஜனங்க விடுவாங்களா? நாங்க வாசிச்ச ஹோட்டல்ல லிஃப்ட்மேன் கோதண்டம்தான் முதல்ல ஆரம்பிச்சான், ‘ஒட்டகம் வருது’ன்னு. அப்புறம் சமையல்கட்டு வரைக்கும் ஒட்டகம்தான். உங்கம்மாதான் அவருக்கு அர்த்தம் சொன்னாங்களாம். மனுஷன் கோவிச்சுக்கலை. மறுநாள் லிஃப்டுல ஏறி, கோதண்டத்துக்குக் கழுத்தை நீட்டிக் காட்டினாரு. ஒரு வாரத்துல ‘லிஃப்ட் போல்கா’ன்னு ஒரு டான்ஸ் மெட்டு எழுதிட்டாரு. செல்லோன்னு பெரிய வயலின், அது கீழேயிருந்து உறுமிக்கிட்டே ஏறும், மேலே போனதும் பியானோவுல ஒரு மணி அடிக்கும், உடனே எல்லாருமாத் தடதடன்னு இறங்கணும். கோதண்டம் கதவோரமா நின்னு கேட்டான். அதுக்கப்புறம் ஒட்டகம்னு அவன் சொல்லி நான் கேட்கலை.

உங்கம்மா நேசமணியம்மா தவறினதை எழுதியிருந்தீங்க. படிச்சுட்டு சங்கடமா இருந்துச்சு. அவங்க பெட்டியில ஒரு சீட்டு, அதுல ‘அப்பா பாட்டைப் பத்தி பாக்கியநாதனைக் கேள்’னு இருந்துச்சுன்னும் எழுதியிருந்தீங்க. அவ்வளவுதானா எழுதியிருந்தாங்க? வேற ஒண்ணும் எழுதலையா? சரி. பாக்கியநாதன் நான்தான். கேளுங்க. இல்லே, நீங்க கேட்க வேண்டாம், நானே வரிசையாச் சொல்லிடுறேன். நீங்க பாட்டுக்கு நடுவுல நடுவுல கேட்டா நான் முன்னுக்குப் பின்னாச் சொல்லிடுவேன். அப்புறம் பாக்கியநாதன் மாத்தி மாத்திப் பேசுறான்னு ஆகிடும்.

மவுண்ட் ரோட்டுல அந்த ஹோட்டல். இப்போ இடிச்சாச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு வெள்ளைக்காரங்க டீ குடிக்க வருவாங்க, நாங்க ஆறு பேர் மேடையில உட்கார்ந்து வாசிக்கணும். அதுக்கு முன்னாடி நான் சினிமாக் கொட்டகையில வாசிச்சேன். அப்போ படம் பேசாது, திரைக்குக் கீழே நாங்கதான் பேசணும். அப்புறம் பேசும் படம் வந்துச்சு, எங்களை வாயை மூடச் சொல்லிட்டாங்க. ஒரு வருஷம் வேலையில்லாம இருந்துட்டுத்தான் அந்த ஹோட்டல்ல சேர்ந்தேன். சேர்ந்தப்போ நான் முதல் வயலின். லீடர். இதை உங்கம்மா உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க. யாருமே சொல்ல மாட்டாங்க. ரெண்டு வருஷம் அந்த முதல் நாற்காலி என்னுது.

முப்பத்தேழுல உங்கப்பா வந்தாரு. கப்பல் பேண்டுல வாசிச்சுக்கிட்டு வந்தவரு, கடல் ஒத்துக்காம மெட்ராஸ்ல இறங்கிட்டாரு. செக் தேசத்துல, பிராகுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரு. அப்பா பீர் பீப்பாய் செய்யுற தொழிலாளி. பிராகுல பெரிய சங்கீதப் பள்ளிக்கூடத்துல படிச்சவரு. வாத்தியார் இவரைப் பெரிய கச்சேரிக்காரனா ஆக்கணும்னு நினைச்சாராம். இவரு காப்பிக் கடையில வாசிக்கப் போயிட்டாரு. ஏன்னு கேட்டேன் ஒருநாள். “கச்சேரியில ஜனங்க என்னையே பார்க்குறாங்க பாக்கியம். காப்பிக் கடையில பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்களைப் பார்க்குறாங்க. அது போதும் எனக்கு”ன்னாரு. என்னைப் பாக்கியம்னுதான் கூப்பிடுவாரு. பொம்பளைப் பேரு மாதிரி இருக்குன்னு சொல்லியும் கேட்கலை.

மேனேஜர் அவரு வாசிச்சதைக் கேட்டாரு, ரெண்டு நிமிஷம் இருக்கும். “மிஸ்டர் பாக்கியநாதன், நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் உட்காருங்க”ன்னாரு. அவ்வளவுதான். நான் செகண்ட் ஆயிட்டேன். செகண்ட்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? முதல் வயலின்தான் பாட்டைப் பாடும். செகண்ட் கீழே நின்னு தூக்கிக் கொடுக்கணும். ஊம் சக் சக், ஊம் சக் சக். அதுலயும் அந்த ஊம் செல்லோவுக்குப் போயிடும். எனக்கு சக் சக் மட்டும்தான்.

கோவமான்னு கேட்கிறீங்களா? இல்லைம்மா. நல்ல வாசிப்புக்காரன்னு எனக்குத் தெரியாதா? உள்ளதைச் சொல்லிடுறேன், அந்த மாதிரி ஒரு கையை நான் மெட்ராஸ்ல பார்த்ததில்லை. இழுக்கிற மாதிரியே தெரியாது, தானா வர்ற மாதிரி இருக்கும். எழுதுறதும் அப்படித்தான். காலையில சமையல்கட்டுக்குப் பின்னாடி படிக்கட்டுல உட்கார்ந்து எழுதுவாரு. ஒவ்வொண்ணும் யாராவது ஒருத்தருக்கு. சலவைக்காரம்மாவுக்குப் பட்டாள நடை மாதிரி ஒரு மார்ச். கொசுவுக்கு ஒண்ணு, அதுல நான் நுனி விரலால கீச்சிடணும். மவுண்ட் ரோட்டு டிராமுக்கு ஒண்ணு. மஞ்சக்காமாலை வந்து ஆஸ்பத்திரியில கிடந்தப்போ உங்கம்மா அங்கே நர்சு, அவங்க நடக்குற சத்தத்தை வச்சு ஒண்ணு. அதை வாசிச்சுக் காட்டித்தான் கல்யாணம் கேட்டாராம். சொந்த ஊரு நாசரேத்துலேருந்து அவங்க வீட்டுல ஒருத்தர்கூட வரலை கல்யாணத்துக்கு. நான் போனேன். நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன், போய்ப் பாருங்க, சர்ச் புஸ்தகத்துல இருக்கும். எல்லாரும் எதை எதையோ சொல்வாங்க, இதைச் சொல்ல மாட்டாங்க.

இப்போ விஷயத்துக்கு வரேன். அடையாறு வால்ஸ்.

ஒருநாள் வாசிக்கிறதுக்கு முன்னாடி தந்தியை முறுக்கிக்கிட்டே நான் ஏதோ முனகிக்கிட்டிருந்தேன். பாட்டுன்னு இல்லை. சினிமாக் கொட்டகையில காதல் காட்சிக்குன்னு நானே போட்டு வச்சிருந்த ஒரு மெட்டு. குபாத் திரும்பிப் பார்த்தாரு. “அது என்ன?”ன்னாரு. “ஒண்ணுமில்லை”ன்னேன். “மறுபடி பாடு”ன்னாரு. பாடினேன். மூணு வாரம் கழிச்சு புது வால்ஸ் ஒண்ணை, ஜோடியாச் சுத்தி ஆடுற பாட்டு, கொண்டுவந்து எல்லாருக்கும் பார்ட் கொடுத்தாரு, அவங்கவங்க வாசிக்க வேண்டியதை மட்டும் எழுதின காகிதம். வாசிக்கிறோம், நடுப்பகுதி வருது, அந்த ஆளு வில்லைச் சாய்ச்சு இழுக்குறாரு. என் மெட்டும்மா! என் மெட்டை அவரு வாசிக்கிறாரு, நான் பக்கத்துல உட்கார்ந்து அதுக்கு சக் சக் போடுறேன்.

அந்த வால்ஸ் பிச்சுக்கிட்டுப் போச்சு. தினம் கேட்பாங்க. கவர்னர் மாளிகையிலேருந்து வந்த துரைசானிகள் எழுந்து நின்னு கை தட்டுவாங்க. மேனேஜர் அச்சடிச்ச சீட்டுல ‘அடையாறு வால்ஸ், ஒ. குபாத்’. நான் ஒண்ணும் கேட்கலை. அவராச் சொல்லட்டும்னு இருந்தேன். ஒரு தடவை தோளைத் தட்டி, “நீ பார்ட்டிட்டூராவுல இருக்கே பாக்கியம்”னு சிரிச்சாரு. எனக்குப் புரியலை. கேலி பண்றாருன்னு நினைச்சேன். என்னன்னு கேட்டிருக்கலாமேங்கிறீங்களா? அவருதானேம்மா புரியுற மாதிரிச் சொல்லியிருக்கணும்? எடுத்தவரு அவரா நானா?

முப்பத்தொன்பது அது, அந்த வருஷம்தான் ஜெர்மன்காரன் பிராகுக்குள்ள பட்டாளத்தோட நுழைஞ்சான். அன்னைக்குச் சாயங்காலம் உங்கப்பா வந்து உட்கார்ந்தாரு, வாசிச்சாரு, எல்லாரையும் பார்த்துச் சிரிச்சாரு. கார்வாலோ பியானோவை விட்டு எழுந்து, “நீ வீட்டுக்குப் போ, நாங்க பார்த்துக்கிறோம்”னாரு. கோவாக்காரரு கார்வாலோ, கொஞ்சம் வாய்த்துடுக்கு, ஆனா நல்லவரு. உங்கப்பா, “எந்த வீட்டுக்கு?”ன்னாரு. அப்படிக் கேட்டுட்டு அடுத்த பாட்டுக்குப் பக்கத்தைத் திருப்பினாரு.

செப்டம்பர்ல சண்டை வந்துச்சு. ஊர்ல இருந்த ஜெர்மன்காரங்களை எல்லாம் போலீஸ் பிடிச்சுக்கிட்டுப் போச்சு. குபாத் செக்காரரு, அவரை விட்டுட்டாங்க. அடுத்த பிப்ரவரியில நீங்க பொறந்தீங்க. லுத்மிலான்னு அவங்க அம்மா பேரை வச்சாரு. எங்களுக்கு வாயில நுழையலை, மிலான்னோம். ஜூன் மாசம், பிரான்ஸ் விழுந்துச்சுன்னு பேப்பர்ல போட்ட வாரம், ஹோட்டலுக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வந்தாரு. மத்தியானம். நாங்க ஒத்திகைக்கு வந்திருந்தோம், உங்கப்பா இன்னும் வரலை. ஒவ்வொருத்தரையா மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டாரு.

கார்வாலோ உள்ளே போய், “அவன் நாட்டையே அவனுங்க தின்னுட்டானுங்க, இவனைப் போய் ஒற்றன்னு சொல்றீங்களே, வேற வேலை இல்லையா”ன்னு கத்திட்டு வந்துட்டாரு. அப்புறம் என்னைக் கூப்பிட்டாங்க.

நல்ல மனுஷர் அந்த இன்ஸ்பெக்டர். உட்காரச் சொன்னாரு. மிஸ்டர் பாக்கியநாதன்னு கூப்பிட்டாரு. நீங்க சங்கீதம் தெரிஞ்சவரு, உங்ககிட்டதான் விவரமாக் கேட்கணும்னாரு. இத்தனை வருஷத்துல ஒருத்தன் அப்படிச் சொன்னதில்லை. “குபாத் ஜெர்மன் பேசுவாரா?”ன்னாரு. பேசுவாரு, அவங்க அம்மா பாஷை அதுன்னேன். உண்மைதானே? தாளத்துக்கு எண்ணும்போதுகூட ஜெர்மன்லதான் எண்ணுவாரு. அதையும் சொன்னேன். “நோட்டுல ஏதாவது வார்த்தை எழுதுவாரா?” எழுதுவாரு, மெதுவா, வேகமான்னு ஜெர்மன்ல எழுதுவாரு. படிச்ச பழக்கம் அது, நிறைய பேரு எழுதுவாங்க. அதை நான் சொல்லலை, அவரு கேட்கலை. அப்புறம் பேனாவை மூடி வச்சுட்டுக் கேட்டாரு. “இந்தப் புள்ளி கோடெல்லாம் ரகசியச் சேதியா இருக்க முடியுமா? வெளிநாட்டுக்குத் தபால்ல பாட்டு அனுப்புறாரே?”

யோசிச்சேன். சங்கீதம் தெரிஞ்சவன்னு கேட்கிறாரு, யோசிக்காமச் சொல்லலாமா? ஏழு சுரம், அதுல மேலே கீழே, நீட்டல் குறுக்கல். மனசு வச்சா எந்த எழுத்தையும் அதுல எழுதலாம். “ஆகலாம்”னேன்.

ஆகலாம்னுதாம்மா சொன்னேன். ஆகும்னு சொல்லலை. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கா இல்லையா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.

அன்னைக்கே உங்கப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு டிரங்குப் பெட்டி நிறைய நோட்டு, அதையும் எடுத்துக்கிட்டாங்க. உங்கம்மா கைக்குழந்தையோட, உங்களோடதான், ஹோட்டல் வாசல்ல வந்து நின்னாங்க. மேனேஜர் உள்ளே விடலை.

நாலு நாள் கழிச்சு என்னைப் போலீஸ் ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. மேசை மேல மலையா நோட்டு. எது என்னன்னு நான் சொல்லணும், குமாஸ்தா எழுதிக்குவான். லிஃப்ட் போல்கா, டிராம் பாட்டு, சலவைக்காரம்மா மார்ச், ஒவ்வொண்ணா எடுத்து வச்சேன். எல்லாம் முழு நோட்டு, ஆறு பேரோட பார்ட்டும் ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா இருக்கும், லீடர் மட்டும்தான் வச்சிருப்பாரு. நான் அதையெல்லாம் பார்த்ததே இல்லை. இன்ஸ்பெக்டர் ஒண்ணை எடுத்து, “இதுல உங்க பேரு இருக்கே?”ன்னாரு.

அடையாறு வால்ஸ். முதல் பக்கத்துல இங்கிலீஷ்ல அழகா எழுதியிருந்துச்சு. ‘மெட்டு: பி. பாக்கியநாதன். பேண்டுக்கு எழுதியது: ஒ. குபாத்.’ நடுப்பகுதி மட்டும்தான் என்னுது. அவரு மொத்தத்துக்கும் என் பேரைப் போட்டிருந்தாரு. தேதி பார்த்தேன், எழுதின அன்னைக்கே போட்டது. பார்ட்டிட்டூரான்னா அந்த முழு நோட்டுக்கு அவங்க பாஷையில பேராம். அதுவும் அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

“அப்போ இதுல உங்களுக்கும் பங்கு உண்டா?”ன்னாரு இன்ஸ்பெக்டர். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு. ரகசியச் சேதியா ஆகலாம்னு சொன்னவனே நான்தானே. இப்போ அதுல என் பேரு. “எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை சார். என்னைக் கேட்காம எழுதியிருக்கான்”னேன். எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போட்டேன்.

பாருங்கம்மா, எவ்வளவு பெரிய ஆபத்துல மாட்டிவிட்டிருந்தாரு உங்கப்பா. என் பேரைப் போடுறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமா வேண்டாமா? எனக்கு மட்டும் குடும்பம் இல்லையா? அன்னைக்கு நான் நடுங்கினது யாருக்குத் தெரியும்? மூணு நாள் சோறு இறங்கலை எனக்கு.

கார்வாலோ ஒரு மனு எழுதினாரு, இவரு செக்காரரு, அப்பாவி, விட்டுடுங்கன்னு. பேண்டுல எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. கோதண்டம்கூடப் போட்டான். உங்கம்மாவே அதை எடுத்துக்கிட்டு என் வீட்டுக்கு வந்தாங்க. காப்பி போட்டுக் கொடுக்கச் சொன்னேன். குழந்தையை வாங்கி மடியில வச்சுக்கிட்டேன். ஆனா நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்? அங்கே ஒரு காகிதத்துல என் கையெழுத்து, இங்கே ஒரு காகிதத்துல என் கையெழுத்து. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா அந்த இன்ஸ்பெக்டர் என்ன நினைப்பாரு? “இப்போ வேண்டாம் தங்கச்சி, கொஞ்சம் ஆறட்டும்”னேன். அவங்க காப்பியைக் குடிச்சுட்டு, “சரிண்ணே”ன்னு போயிட்டாங்க. அப்போ அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்.

முதல் நாற்காலி மறுபடி எனக்கு வந்துச்சு. நான் கேட்கலை. வேற யார் இருக்காங்க?

உங்கப்பாவை வடக்கே எங்கேயோ முள்வேலி போட்ட முகாமுல வச்சாங்க. கொடுமை என்னன்னா, ஜெர்மன்காரங்களோடவே போட்டு அடைச்சுட்டாங்க. அதுல பாதிப் பேரு பிராகைப் பிடிச்ச அந்தக் கட்சிக்காரனுங்க. இவரு செக்குன்னு தெரிஞ்சு, தினம் ஒரு வம்பு. அவனுங்க தலைவன் பிறந்தநாளைக்கு இவரை மார்ச் வாசிக்கச் சொன்னானுங்களாம். இவரு கை வலிக்குதுன்னாராம். “அப்படியா, எந்தக் கை?”ன்னு கேட்டு, இடது கையைப் பிடிச்சுக் கதவு இடுக்குல வச்சு சாத்திட்டானுங்க. இதை எனக்குக் கார்வாலோதான் சொன்னாரு. சொல்லிட்டு என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தாரு. என்னை எதுக்குப் பார்க்கணும்? கதவை நானா சாத்தினேன்?

நாப்பத்திரண்டு டிசம்பர்ல விட்டாங்க, செக்காரங்களைத் தனியாப் பிரிச்சு விசாரிச்சு. அதுக்கு முன்னாடி அந்த ஏப்ரல்ல ஜப்பான்காரன் குண்டு போடப்போறான்னு மெட்ராஸே காலியாச்சு, கேள்விப்பட்டிருப்பீங்க. ஆபீசு ஆபீசாக் காகிதத்தை மூட்டை கட்டி அனுப்பினாங்க, அனுப்ப முடியாததைக் கொளுத்தினாங்க. அதுல உங்கப்பாவோட ரெண்டு பெட்டியும் போச்சு. நாப்பது பாட்டுக்கு மேல இருக்கும்.

அவரு திரும்பி வந்த அன்னைக்கு நான் அடையாறு வால்ஸ் வாசிச்சுக்கிட்டிருந்தேன். தூணுக்குப் பின்னாடி ஒரு ஆளு, கோட்டு தோள்ல தொங்குது. கழுத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன். வாசிக்கிறதை நிறுத்தலை நான். முடிஞ்சதும் கிட்டே வந்தாரு. “நடுப்பகுதி நல்லா வாசிக்கிறே பாக்கியம். உன் மெட்டு, உனக்குத்தான் நல்லா வருது”ன்னாரு. வலது கையை நீட்டினாரு. குலுக்கினேன். இடது கை பாக்கெட்டுல இருந்துச்சு.

அவருக்குத் தெரியுமா தெரியாதா? இருபத்தஞ்சு வருஷமா இதைத்தான் யோசிக்கிறேன். தெரிஞ்சிருந்தா கையை நீட்டுவாரா? தெரியாம இருந்தா ஏன் அவ்வளவு நேரம் கையை விடாமப் பிடிச்சிருந்தாரு? உங்கம்மா ஏதாவது சொன்னாங்களா? இல்லையா? சரி, விடுங்க.

மேனேஜர் என்னைக் கேட்டாரு, “வாசிக்க முடியாட்டிப் போகட்டும், குபாத்தை எழுதவும் நடத்தவும் வச்சுக்கலாமா, நீங்கதான் லீடர், சொல்லுங்க”ன்னு. ஒரு பேண்டுக்கு ரெண்டு தலை இருந்தா நிக்காதுன்னேன். தொழில்ரீதியாச் சொன்னதும்மா அது. யார்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க.

அவரு சும்மா இருக்கலை. வேப்பேரியில ஒரு ரூம்ல இருந்தீங்க நீங்க மூணு பேரும். தந்தியை எல்லாம் மாத்திக் கட்டி, வயலினை வலது தோள்ல வச்சு, மடங்காத இடது கையில வில்லைத் துணியால கட்டிக்கிட்டு, ஆரம்பத்துலேருந்து கத்துக்கிட்டாரு. நீங்க கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து விளையாடுவீங்க. ஞாபகம் இருக்கா? மூணு வயசுல எப்படி இருக்கும். ஆனா முகாமுலேயே நெஞ்சுல சளி புடிச்சிருந்துச்சு. மார்ச் மாசம் இருமினா ரத்தமா வந்துச்சு.

அப்போதான் உங்கம்மா மறுபடி என்கிட்ட வந்தாங்க. ‘அண்ணே, அவருக்குப் பாட்டெல்லாம் மறுபடி எழுதணுமாம். ஞாபகத்துலேருந்து எழுதிப் பார்க்குறாரு, காய்ச்சல்ல ஒண்ணோட தலையும் இன்னொண்ணோட வாலும் கலந்துபோகுதாம். உங்ககிட்ட செகண்ட் பார்ட் எல்லாம் இருக்குமாமே. அதைக் கண்ணால பார்த்தா மேலே போற பாட்டு தானா வந்துடும்கிறாரு. கொடுங்கண்ணே’ன்னாங்க.

இருந்துச்சு. போலீசு முழு நோட்டைத்தான் எடுத்துச்சு, அவங்கவங்க பார்ட் அவங்கவங்ககிட்ட. மத்தவங்க எல்லாரும் ஊர் காலியானப்போ தூக்கிப் போட்டுட்டாங்க. நான் எதையும் போடுற ஆளில்லை. முப்பத்தொரு பாட்டு, பீரோவுல மேல் தட்டுல இருந்துச்சு.

தேடிப் பார்க்குறேன்னேன்.

ரெண்டு வாரம் கழிச்சு வந்தாங்க. இன்னும் அகப்படலைன்னேன். மே மாசம் டியூட்டி முடிஞ்சு, வெள்ளை உடுப்போட வெயில்ல நடந்து வந்தாங்க. அடுத்த வாரம் நானே கொண்டுவரேன்னேன்.

ஏன் கொடுக்கலைன்னா கேட்கிறீங்க? கேட்பீங்கன்னு தெரியும். அதுல அடையாறு வால்ஸும் இருந்துச்சும்மா. அவரு அதை மறுபடி எழுதினா மேலே யார் பேரைப் போடுவாரு? என் பேரைப் போட்டா, சம்பந்தமில்லைன்னு நான் போலீசுல எழுதிக் கொடுத்திருக்கேன், சண்டை இன்னும் முடியலை. என் பேரைப் போடாட்டி, என் மெட்டு போச்சு. ரெண்டுல எதுன்னு தீர்மானம் பண்ண முடியலை. அதை மட்டும் எடுத்து வச்சுட்டு மிச்சம் முப்பதைக் கொடுத்திருக்கலாமேன்னா, அது இப்போ நீங்க சொல்லும்போது தோணுது. அப்போ தோணலை. இல்லே, தோணிச்சோ என்னமோ. ஹோட்டல்ல பட்டாளத்துக்காரங்க கூட்டம், எனக்கு ஒழிவே இல்லை.

ஜூலை ஒன்பதாம் தேதி காலையில பதினோரு மணிக்கு உயிர் போச்சு. கீழ்ப்பாக்கம் கல்லறையில வச்சோம். கார்வாலோ வந்தாரு, கோதண்டம் வந்தான், நான் வந்தேன். மண்ணு போட்டுட்டுத் திரும்பும்போது உங்கம்மாகிட்ட போய் நின்னேன். அவங்கதான் பேசினாங்க. “இனிமே தேட வேண்டாம்ணே”ன்னாங்க. அவ்வளவுதான். கோவமாச் சொல்லலை. ஆஸ்பத்திரியில நோயாளிகிட்ட சொல்ற மாதிரி, மெதுவாச் சொன்னாங்க. அதுக்கப்புறம் கோலாருக்குப் போயிட்டாங்க, ஒரு கடுதாசிகூடப் போடலை. நானும் போடலை.

இந்தாங்க. எடுத்து வச்சுட்டேன் நீங்க வர்றதுக்கு முன்னாடியே. முப்பத்தொண்ணும் இருக்கு, எண்ணிக்கிங்க. ஒரு பூச்சி அரிக்கலை. வருஷா வருஷம் வேப்பிலை மாத்தி வச்சிருக்கேன். நான் இல்லாட்டி உங்கப்பா எழுதினதுல ஒரு காகிதம் மிஞ்சியிருக்குமா? அதை நினைச்சுப் பாருங்க.

என்ன தேடுறீங்க? பாட்டு எங்கேன்னா? இதுதாம்மா. ஆமா, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரித்தான் இருக்கும். செகண்டுக்கு அவ்வளவுதான். மேலே போறது முதல் வயலின் பார்ட்டுல இருந்துச்சு, அது அந்தப் பெட்டியோட போச்சு. என்னைப் பாடிக் காட்டச் சொல்றீங்களா? அடையாறு வால்ஸ் நடுப்பகுதி பாடுறேன், அது தெரியும். மத்ததெல்லாம், பொய் சொல்லக் கூடாது, கரைஞ்சுபோச்சு. லிஃப்ட் போல்காவுல அந்த மணி அடிக்கும், அது ஞாபகம் இருக்கு. அதுக்கு முன்னாடி வயலின் என்ன வாசிக்கும்னு கேட்டா வரலை.

இதை எடுத்துட்டீங்களா. இது உங்களுது. மேலே பாருங்க, ‘லுத்மிலாவுக்கு’. உங்க ஞானஸ்நானத்தன்னைக்கு சர்ச்சுக்கு வெளியே புங்க மரத்தடியில அவரும் நானும் ரெண்டே பேரா வாசிச்சோம். தாலாட்டு மாதிரி. நீங்க ஒரே அழுகை, இதைக் கேட்டதும் நிறுத்திட்டீங்க. உங்கம்மா சிரிச்சாங்க. எப்படிப் போகும்னா? நான் என் பார்ட்டைப் பார்த்துக்கிட்டிருந்தேம்மா, தப்பு வந்துடக் கூடாதேன்னு.

என் பங்கை வாசிக்கிறேன், கேளுங்க. விரல் முன்னே மாதிரி இல்லை. ரெண்டே சுரம்தான், மாறி மாறி. கேட்குதா? இப்படியே போகும். இதோ, இந்தக் கட்டையான கோட்டுக்கு மேலே பதினாறுன்னு போட்டிருக்கு பாருங்க. பதினாறு கட்டம் நான் வில்லை இறக்கி வச்சுட்டு சும்மா இருக்கணும். அங்கே உங்கப்பா மட்டும்தான். இப்போ நிறுத்தணும். எண்ணுறேன், பேசாதீங்க. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. ஏழு. அழாதீங்கம்மா, எண்ணிக்கை தப்பிடும். எட்டு. ஒன்பது. பத்து. பதினொண்ணு. பன்னிரண்டு. எங்கே எழுந்துட்டீங்க? இன்னும் நாலுதான் இருக்கு. அதுக்கப்புறம் நான் வாசிக்கணும்.